வயிற்றுக் கிருமிக்கு மருந்து தேடிய சுப்பாராவ்

எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஒருவருக்குக் குடல்வால் வெடித்தால், ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. அங்கே ஆபரேஷனோடு ஆன்டிபயாடிக்கும் வேணும். அந்த மருந்துகளின் வரலாற்றில் சென்னையில் படித்த ஒருவருக்கு முக்கிய இடம் உண்டு. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சகோதரர்கள் இருவரை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானதால், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. 1923-ல் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழு தயாரித்த ஃபோலிக் அமிலம், ஸ்ப்ரூ நோயாளிகளுக்கே உதவியது.

அவர் ஆய்வுத் தலைவராக இருந்தபோது, மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து டக்கர் கண்டெடுத்த ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகையில் அதுதான் முதல் மருந்து. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.

இன்று ஈ.கோலை போன்ற குடல் கிருமிகள் பல, பழைய டெட்ராசைக்ளினுக்கு மசிவதில்லை. அதே வம்சத்தில் வந்த டைஜிசைக்ளின் ஊசி, சிக்கலான வயிற்றுத் தொற்றுக்கு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு மருந்து கேட்காதபோதுதான் டாக்டர்கள் அதை எடுக்கிறார்கள். முதலில் அனுபவத்தை வைத்து ஒரு மருந்து. சீழின் கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் அதற்கேற்ற மருந்து. இதுதான் முறை.

வயித்து வலின்னு நாமளே மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டா, கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறோம்னு அர்த்தம்.