அகுஸ்தீனாரும் பழி சுமந்த பெண்களும்

மேற்குலகக் கிறிஸ்தவம் ஆண் பெண் உறவை இத்துணை ஐயத்துடன் நோக்கியது ஏன் என ஆராயப் புகும் நாம், பெரும்பாலும் ஒரு மனிதரிடமே வந்து சேர்கிறோம். அவர் புனித அகுஸ்தீனார்.

இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டு பிறந்தார். தாய் மோனிக்கா கிறிஸ்தவர். தந்தை பழைய தெய்வங்களை வணங்கியவர். கார்த்தேஜ் நகரில் கற்ற காலத்திலேயே ஒரு பெண்ணுடன் வாழத் தொடங்கினார். மணவினை நிகழவில்லையாயினும் அவ்வுறவு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது, மகனொருவனும் பிறந்தான்.

384இல் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியரானதும் வசதியான இடத்தில் சம்பந்தம் பேசப்பட்டது. மணமகளோ சட்டப்படியான மணவயதை எட்டாத சிறுமி. இதற்குத் தடையெனக் கருதப்பட்ட துணைவி, மகனைப் பிரிந்து ஆபிரிக்காவுக்குத் திருப்பியனுப்பப்பட்டார். தம் வாழ்வை விரித்துரைத்த 'அறிக்கைகள்' நூலிலும் அவர் பெயரை அகுஸ்தீனார் எழுதவில்லை.

பேசிய திருமணமும் நடைபெறவில்லை. 386இல் மனம் மாறிய அகுஸ்தீனார், மறு ஆண்டு ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்று, துறவு பூண்டு தாயகம் மீண்டார். பின்னர் ஹிப்போ நகரின் ஆயரானார்.

திருமணம் நல்லதே என்றும், மக்கட்பேறு, ஒருவருக்கொருவர் உண்மையாயிருத்தல், பிரிக்கவொண்ணாப் பிணைப்பு ஆகிய மூன்றும் அதன் நன்மைகள் என்றும் அவர் எழுதினார். ஆயினும் ஆதாமின் பாவம் இச்சையின் வழியே ஒவ்வொரு குழந்தையையும் பற்றுகிறது என்றும் போதித்தார். உடல் வேட்கை படைப்பின் இயல்பேயென இத்தாலிய ஆயர் யூலியானுஸ் எதிர்வாதம் புரிந்தார். சென்மப் பாவக் கொள்கையை மறுத்த பெலேஜியுசைக் கண்டிக்கும் ஆவணத்தில் ஒப்பமிட மறுத்தமையால், அவர் பதவியிழந்து நாடுகடத்தப்பட்டார். மேற்கில் நிலைபெற்றது அகுஸ்தீனாரின் கருத்தே. செயற்கைக் கருத்தடையைக் கண்டித்து 1930இல் பாப்பரசர் விடுத்த சுற்றுமடலும் அவரது மூன்று நன்மைகளையே அடித்தளமாகக் கொண்டது.

410இல் கோத்தியர் படை உரோமாபுரியைச் சூறையாடியது. அகதிகள் கடல் கடந்து ஆபிரிக்கா வந்தனர். படையினரின் வல்லுறவுக்குள்ளான பெண்கள் உயிர் வாழலாமா என்ற கேள்வி எழுந்தது. அவமானம் தாளாது தன்னைத்தானே மாய்த்துக்கொண்ட லுக்ரேசியாவைப் போற்றிய சமுதாயம் அது. 413இல் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' நூலில் அகுஸ்தீனார் அந்த மரபை மறுத்தார். கற்பு மனத்தின் உறுதியில் உள்ளது. பிறர் வன்முறை அதனைக் கெடுக்காது. அப்பெண்கள் சாகவேண்டியதில்லை என்றார். ஆயினும் அவர்களுள் சிலரிடம் மறைந்திருந்த செருக்கைக் களையவே இறைவன் இதை அனுமதித்தாரோ என்றும் அதே நூலில் ஐயுற்றார். பாதிக்கப்பட்டவளிடமே குறை தேடும் அப்பழக்கத்திலிருந்து அவராலும் முற்றாக விடுபட முடியவில்லை.

430இல் வண்டாலியர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் உயிர் நீத்தார்.

போர் கண்ட மண்ணிலிருந்து வந்த நம்மிடையேயும் சொல்லவொண்ணாத் துயரைச் சுமந்து மௌனமாய் வாழும் பெண்கள் உளர். அகுஸ்தீனார் அன்று கூறிய முதற்கூற்றை நாம் ஏற்போம்; அவரது ஐயத்தை விட்டுவிடுவோம். அப்பெண்களிடம் கேள்வி கேட்கும் உரிமை நமக்கில்லை. அவர்கள் பேச விரும்பும் நாளில் செவிமடுக்கும் கடமையே நமக்குண்டு.