சைவர் பதித்த சமண நூல்

சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். கிறித்தவச் சூழலில் வளர்ந்து, பின்னர்ச் சைவராகி, சைவ மகத்துவம் என்னும் நூலும் எழுதினார். சமயவாதத்துக்கு அஞ்சி ஒதுங்கியவரல்லர். ஆயினும் ஏட்டைக் கையிலெடுத்தபோது அவ்வாதத்தை அப்பால் வைத்தார். 1881 இற் பௌத்தராகிய புத்தமித்திரனாரின் வீரசோழியத்தையும், 1889 இற் சமணராகிய தோலாமொழித்தேவரின் சூளாமணியையும் அச்சேற்றினார். செல்லரித்த ஏடுகளைத் தேடுவதும் ஒப்புநோக்குவதுமே பெரும்பாடு, அச்சுக்கூலி வேறு. தமக்குகந்த நூல்களை மட்டும் பதித்திருப்பின் குறைகூறுவார் யார்?

இளமையில் யான் சமணநூலைத் தொடவும் கூசியவன். ஆசிரியர் வற்புறுத்தலாற் சூளாமணியை அவர் பதிப்பிலே விரித்தேன். அன்றிரவு விளக்கணைக்க மனம் வரவில்லை. 1901 இல் மறைந்த அப்பெரியார்க்கு இக்கடன் இன்னும் தீரவில்லை.