அரண்மனையிலும் அரையாடை

ஆடை கொண்டு ஆளை மதித்தல் உலக வழக்கு. அவ்வழக்கிற்கு அடங்காத பெரியார் காந்தியடிகள் என்பதை நாம் அறிவோம்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்ற இளைஞர் மோகன்தாஸ், ஆங்கிலேயரைப்போல் உடுத்தப் பெரிதும் முயன்றார். பொருளைச் செலவிட்டுப் பட்டுத் தொப்பியும் வாங்கினார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலிகளின் துயர் கண்டு அவர்தம் எளிய உடையை மேற்கொண்டார். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் நம் மதுரையில், ஏழை உழவன் உடுக்கும் முழத்துண்டே தமக்கும் போதுமெனத் துணிந்தார். முழு உடைக்குக் கதர் வாங்க வகையற்றோர் எண்ணிலர் என்பதே காரணம்.

1931இல் வட்டமேஜை மகாநாட்டிற்காக இலண்டன் சென்றபோதும் அவர் அதனை மாற்றினாரல்லர். நவம்பர் 5ஆம் நாள் பக்கிங்ஹாம் அரண்மனையில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அளித்த விருந்திற்கும் அரையாடையும் போர்வையுமாகவே சென்றார்.

எனினும், நாம் வியப்பது அதனினும் பெரிதொன்று. அதற்கு முன்னரே, செப்டம்பர் இறுதியில், அவர் லங்காஷயர் சென்றிருந்தார். அந்நியத் துணி பகிஷ்காரத்தாலும் வேலையிழந்து வாடிய ஆலைத் தொழிலாளர் ஆங்கு இருந்தனர். அவர்தம் குறைகளைச் செவிமடுத்து, இந்தியரின் கொடிய வறுமையையும் எடுத்துரைத்தார். அவர்களோ அன்புடன் வரவேற்றனர்.

மகாநாடு கைகூடவில்லை, அடிகள் வெறுங்கையுடன் மீண்டார். ஆயினும், மன்னர் முன் கொள்கை ஆடையுடன் நிற்றலினும், அக்கொள்கையால் நலிந்தார் முன் அதே ஆடையுடன் நிற்றல் அரிதன்றோ? மாணவராகிய நாம் போற்றத்தக்கது அவ்வாண்மையே.