லிங்கனும் அவருடைய ஸேனாதிபதிகளும்

பெருங்காரியத்தை ஏற்று நடத்தும் தலைவருக்கு இருவித அபாயங்கள் உண்டு. தம்மைச் சேர்ந்து உழைப்போரின் ஒவ்வொரு செய்கையிலும் தலையிட்டு அவர்களுடைய ஊக்கத்தைக் கெடுப்பது ஒன்று. அவர்களை நம்பிவிட்டோமென்று சொல்லிக்கொண்டு, காரியம் பாழாகும்போதும் வாளாவிருப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழியை மிகுந்த துன்பத்தினூடே கண்டறிந்தவர் அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன். பொதுக்காரியங்களில் ஈடுபட்டோர் அவருடைய சரித்திரத்தின் இப்பகுதியை ஊன்றிக் கவனிப்பது நலமென்று கருதுகிறோம்.

லிங்கன் 1809-ஆம் வருஷம் கெண்டக்கி மாகாணத்தில் ஒரு மரக்குடிசையில் பிறந்தார். பள்ளிப்படிப்பு மிகச் சொற்பம்; சுயமுயற்சியால் சட்டம் கற்று இல்லினாய் மாகாணத்தில் வக்கீலாகப் பெயர் பெற்றார். வாலிபத்தில் சில மாதம் தொண்டர் படையிலிருந்ததன்றி யுத்த அநுபவம் அவருக்கில்லை. அத்தகையவர் 1861 மார்ச் 4-ஆம் தேதி பதவியேற்று, ஆறு வாரம் கழியுமுன் ஸம்டர் கோட்டையின்மீது பீரங்கிகள் முழங்கின. அடிமை முறையைக் காக்கும்பொருட்டுப் பிரிந்துபோன தென் மாகாணங்களோடு உள்நாட்டு யுத்தம் மூண்டது.

தமது அறியாமையை உணர்ந்த லிங்கன், யுத்த சாஸ்திர நூல்களை வருவித்துப் படித்தார். யுத்த இலாகாவின் தந்தி அறையில் நெடுநேரம் தங்கிச் செய்திகளைக் கவனித்தார். பிரதான சைனியம் மக்ளெல்லனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சேனையைப் பயிற்றுவிப்பதில் அவர் மிக வல்லவர். அதைப் போருக்கு நடத்துவதிலோ ஓயாது தயங்குபவர். எதிரியின் பலத்தை உள்ளதற்கு மேல் பெருக்கி எண்ணுவது அவர் வழக்கம். பொறுமையிழந்த லிங்கன், 1862 பிப்ரவரி 22-ஆம் தேதி எல்லாச் சேனைகளும் முன்னேற வேண்டுமென்று உத்தரவு பிறப்பித்தார். மக்ளெல்லனின் சேனை அன்று நகரவில்லை. தேதி குறிப்பதனால் மட்டும் தயங்குபவன் துணிந்தவனாகி விடுவதில்லை என்பதை அச்சம்பவம் விளக்கிற்று. அவ்வருஷம் செப்டம்பரில் ஆண்டீட்டம் போருக்குப்பின் பின்வாங்கிய எதிரியை மக்ளெல்லன் வாரக்கணக்கில் தொடராதிருக்கவே, நவம்பரில் லிங்கன் அவரை விலக்கினார்.

மேற்கே கிராண்ட் என்னும் ஸேனாதிபதி மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள விக்ஸ்பர்க் கோட்டையைக் கைப்பற்ற முயன்றுகொண்டிருந்தார். அவர் நதியைக் கடந்து வடக்கே திரும்பியது தவறென்று லிங்கன் எண்ணினார், எனினும் தடுக்கவில்லை. 1863 ஜூலை 4-ஆம் தேதி கோட்டை பணிந்தது. சில தினங்களில் லிங்கன் அவருக்குக் கடிதமெழுதி, தமது எண்ணமே பிழையென்று ஒப்புக்கொண்டார். 1864 மார்ச்சில் எல்லாச் சேனைகளும் கிராண்டின் வசமாயின. அவருடைய திட்டத்தின் நுட்பங்களைத் தாம் அறிய விரும்பவில்லையென்று லிங்கன் தெரிவித்தார்.

இதனால் அவர் கண்ணை மூடிக்கொண்டாரென்று எண்ணலாகாது. அவ்வருஷம் ஜூலையில் எதிரியின் படையொன்று வாஷிங்டன் நகரின் எல்லைவரை வந்து மீண்டது. அதைத் துரத்தியழிக்கும் பொறுப்பைக் கிராண்ட் ஷெரிடனிடம் அளித்தார். உத்தரவு சரியே, ஆனால் கிராண்ட் நாள்தோறும் கவனித்து வற்புறுத்தினாலன்றித் தலைநகரில் அது நிறைவேறாதென்று லிங்கன் தந்தியடித்தார். கிராண்ட் நேரில் விரைந்துவந்து ஏற்பாடுகளைச் செய்தார்; ஷெரிடன் ஜயம் பெற்றார். லிங்கன் சேனையின் கடிவாளத்தைப் பிடுங்கவில்லை. அதைப் பிடித்திருந்தவரைத்தான் எச்சரித்தார்.

ராஜ்ய நோக்கத்தைப்பற்றிய விஷயங்களிலோ அவர் எவருக்கும் இடங்கொடுத்ததில்லை. 1861-இல் மிஸௌரியில் பிரிமாண்ட் என்னும் ஸேனாதிபதி, கலகக்காரரின் அடிமைகளுக்குத் தாமாகவே விடுதலை அறிவித்தபோது லிங்கன் அதை மாற்றச் செய்தார். அடிமை முறையை வெறுத்த பலர் அதற்காக அவரைக் கடிந்தனர். ஆயினும் 1863 ஜனவரி 1-ஆம் தேதி, கலக மாகாணங்களிலுள்ள அடிமைகளுக்கு விடுதலைப் பிரகடனம் செய்தவரும் அவரே. 1865 மார்ச்சில், எதிரித் தளபதி லீயின் சேனை சரணடைவதைப்பற்றிப் பேசலாம், ராஜ்ய விஷயங்களைப் பேசலாகாதென்று கிராண்டுக்கே வரம்பிட்டார். ஏப்ரல் 9-ஆம் தேதி லீ சரணடைந்தார். 14-ஆம் தேதி இரவு சுடப்பட்ட லிங்கன் மறுநாள் காலை உயிர் நீத்தார்.

மக்ளெல்லனை உந்தியவரும் கிராண்டைத் தம் போக்கில் விட்டவரும் ஒரே மனிதர்தாம். கொள்கையை நிர்ணயிப்பது தலைவரின் கடமை. வழியை வகுப்பது களத்தில் நிற்போரின் உரிமை. கொள்கை மாறும்போதும், காரியம் நகராதபோதும் தலைவர் குறுக்கிட்டே தீரவேண்டும். தாமாயிருந்தால் வேறுவிதமாகச் செய்திருப்போம் என்ற ஒரே காரணத்துக்காகக் குறுக்கிடலாகாது. அந்த ஆசையை அடக்குவதுதான் தலைமையின் கடினமான பகுதி. அதை அடக்கத் தெரியாத தலைவரிடம் திறமையுள்ளோர் நெடுநாள் தங்கமாட்டார்கள்; தங்குவோர் உத்தரவுக்குக் காத்திருக்கும் பொம்மைகளாகவே இருப்பார்கள் என்பது நமது துணிபு.