கடைசலுக்கு முன்னரே முடிந்த ஆயுள்

கைவினைஞர்கள் தமது தொழில் நுட்பங்களை எழுதிவைப்பதில்லை என்பது எங்கும் கேட்கப்படும் குறையாகும். இக்குறைக்கு விலக்காக வாழ்ந்தவர்களுள் 1806 இல் பிறந்த சார்ள்ஸ் ஹோல்ட்ஸப்பெல் முதன்மையானவர் என நாம் கருதுகிறோம்.

அவரது தந்தையார் ஜோன் ஜேக்கப், அல்சேஸ் பிரதேசத்திலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்து, கடைசல் இயந்திரங்களைச் செய்து விற்றவர். மரத்தையும் யானைத் தந்தத்தையும் கடைந்து நுண்ணிய அலங்காரப் பொருட்களை ஆக்குவது அக்காலச் செல்வந்தரின் பொழுதுபோக்காகும். பெருந்தொகை கொடுத்து இயந்திரத்தை வாங்கியவருக்கு அதைக் கையாளும் விதமும் தெரியவேண்டுமல்லவா? சார்ள்ஸ் நூல் எழுத முனைந்ததில் வியாபார நோக்கமே இருக்கவில்லை என நாம் கூறமாட்டோம். ஆயினும், வியாபாரத்திற்குச் சில பக்கக் கையேடு போதும். அவரோ ஆறு தொகுதிகளைத் திட்டமிட்டார்.

1835 இல் தந்தையார் மறைந்தபின் தொழிலை நடத்திக்கொண்டே எழுதினார். 1843 இல் முதற்தொகுதி வெளிவந்தது. கடைசலைப் பற்றிய பெருநூல்தான். ஆனால், அத்தொகுதி பேசுவது மரம், தந்தம், கொம்பு, உலோகம் ஆகிய மூலப்பொருட்களைப் பற்றியே. அதிலுள்ள மரங்களின் விரிவான அட்டவணையில், சிங்களத்தில் கலுமெதிரிய எனப்படும் நம் நாட்டு மரமும் இடம்பெற்றுள்ளது. பொருளின் இயல்பை அறியாதவன் அதன்மீது உளியை வைக்கலாகாது என அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இரண்டாம் தொகுதி வெட்டுக் கருவிகளுக்கே செலவாயிற்று. கம்பி, தகடு ஆகியவற்றின் தடிப்பை ஒவ்வொருவரும் ஒவ்வோர் இலக்கத்தால் குறித்துவந்த குழப்பத்தை நீக்கி, அங்குலத்தின் தசமப் பங்குகளால் அளக்கவேண்டுமென அவர் வாதிட்டார். பட்டறையில் இக்குழப்பத்தால் வீணாகும் பொருளையும் உழைப்பையும் அறிந்தவரின் வாதம் அது.

1847 இல், நாற்பது வயதளவில், சார்ள்ஸ் காலமானார். கடைசல் என்ற பொருளை நூல் அப்போதும் எட்டியிருக்கவில்லை! மனைவி அமேலியா தொழிலைப் பொறுப்பேற்றார். ஒரு கைம்பெண் இயந்திரத் தொழிலகம் ஒன்றை நடத்துவது அந்நாளில் இலகுவானதன்று. தேய்த்தல், மெருகூட்டல் பற்றிய மூன்றாம் தொகுதி 1850 இல் வெளிவந்தது.

தந்தை இறந்தபோது சிறுவனாயிருந்த மகன், பாட்டனாரின் பெயரையே தாங்கியவர். அவர் வளர்ந்து, தொழிலைக் கற்று, எஞ்சியதை எழுதும்வரை வாசகர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சாதாரணக் கடைசலை நான்காம் தொகுதியும், அலங்காரக் கடைசலை 1884 இல் வெளிவந்த ஐந்தாம் தொகுதியும் விளக்கின. மகனும் 1897 இல் மறைந்தார். ஆறாம் தொகுதி வெளிவரவேயில்லை.