காகிதத்துக்காகப் பிறந்த ஏசி: வில்லிஸ் கேரியரின் கதை

ஏசியை முதல்ல யாருக்காகக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? வெயில்ல தவிச்ச மனுஷங்களுக்காக இல்லை... காகிதத்துக்காக!

வில்லிஸ் கேரியர் 1876-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசுல பின்னக் கணக்கு அவருக்குப் புரியவே இல்லை. அம்மா ஆப்பிள்களைப் பாதியாகவும் கால்வாசியாகவும் வெட்டி வெச்சுப் புரியவெச்சாங்க. எந்தச் சிக்கலையும் துண்டு துண்டாகப் பிரிச்சுப் பார்க்குற பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

1901-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் முடிச்சு, பஃபலோ நகரத்தில் விசிறி, ஹீட்டர் தயாரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

அச்சகத்தில் வந்த சிக்கல்

அடுத்த வருஷமே புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் பிரச்னை அவரிடம் வந்தது. கலர் படங்களை ஒவ்வொரு நிறமாகத்தான் அச்சடிக்கணும். காற்றில் ஈரப்பதம் கூடினா காகிதம் விரியும், குறைஞ்சா சுருங்கும். அடுத்த நிறம் இடம் மாறி விழ, அச்சடிச்சதெல்லாம் வீண். வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தணும்னு கேரியர் புரிஞ்சுக்கிட்டார். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்கள் மேல் காற்றைச் செலுத்தி, ஈரப்பதத்தை 55 சதவிகிதத்தில் நிறுத்துவதுதான் திட்டம். 1902 ஜூலையில் வரைபடம் தயாரானபோது அவருக்கு வயசு 25.

பனிமூட்டம் தந்த ஐடியா

அதே வருஷக் கடைசியில், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் எங்கும் பனிமூட்டம். ஈரம் முழுசா நிரம்பிய காற்றுதான் பனிமூட்டம். ஆனா, குளிர்ந்த காற்றால் கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்க முடியும். அப்படின்னா, குளிர்ந்த நீர்த்தூறல் வழியா காற்றை அனுப்பினா, அதிலுள்ள கூடுதல் ஈரம் துளிகளோடு ஒட்டிக்குமே! தண்ணீரின் குளிர்ச்சியை மாற்றினா, காற்றில் எவ்வளவு ஈரம் மிஞ்சணும்னு நாமே முடிவு பண்ணலாம். தண்ணீரைத் தெளிச்சே காற்றைக் காயவைக்கும் இந்த முறைக்கு 1906-ல் காப்புரிமை கிடைச்சது. 1911-ல் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்குமான தொடர்பைச் சூத்திரங்களாக்கி, அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தின் முன் வெச்சார். ஏசி இன்ஜினீயரிங்குக்கு இன்னைக்கும் அதுதான் அடிப்படை.

கம்பெனி பிறந்தது

முதல் உலகப்போர் தொடங்கியதும், வேலை செய்த கம்பெனி ஏசி பிரிவையே மூட முடிவெடுத்தது. கேரியர் விடலை. 1915-ல், மேலும் ஆறு இன்ஜினீயர்களோடு சேர்ந்து 32,600 டாலர் முதலீட்டில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

இன்னொரு தடை இருந்தது. அப்போதைய பெரிய குளிர்விப்பான்களில் அமோனியா வாயுவைத்தான் அதிகம் பயன்படுத்தினாங்க. அது கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. கூட்டம் கூடும் இடத்துல அதை எப்படி வைக்கிறது? 1922-ல் அவர் அறிமுகப்படுத்திய மையவிலக்குக் குளிர்விப்பானில், அமோனியாவுக்குப் பதிலா ஆபத்து குறைந்த டைக்ளோரோஎத்திலீன் இருந்தது. மெஷினின் அளவும் சின்னதாச்சு.

1925 மே மாதக் கடைசியில், நியூயார்க் ரிவோலி தியேட்டரில் இதற்குப் பெரிய பரீட்சை. ஹவுஸ்ஃபுல். மெஷின் தாமதமாகத்தான் ஓட ஆரம்பிச்சது. கைவிசிறியோடு வந்த ரசிகர்கள் விசிறிக்கிட்டே இருந்தாங்க. கேரியர் குழு பதற்றத்தில். அரங்கம் மெள்ளக் குளிர, விசிறிகள் ஒவ்வொன்றாக நின்னுச்சு. அதுக்கப்புறம் மற்ற தியேட்டர்களும் ஏசிக்கு மாறின.

1950 அக்டோபர் 7-ல் கேரியர் இறந்தார். அமெரிக்க வீடுகளுக்குள் ஏசி வேகமாகப் பரவியது அதன் பிறகுதான். அதைப் பார்க்க அவர் இல்லை.