எழுத்துகளை இடம்மாற்றிய இரவுகள்

தம் பெயரையே புதிராக்கிப் புகழ்கொண்டவர் லூயி கரோல். இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்து டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில், 1832 ஜனவரி 27ஆம் நாள், பதினொரு மக்களைப் பெற்ற குருவானவர் இல்லத்தில் மூத்த ஆண்மகவாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன். ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் 1855 முதல் 1881 வரை கணிதம் கற்பித்தார். நாவோ திக்கும் நா. எழுத்துகள் மட்டும் அவர் ஏவிய இடத்திற்கெல்லாம் சென்றன.

1856இல் ஓர் இதழுக்காகப் புனைபெயர் வேண்டியிருந்தது. தம் முதலிரு பெயர்களின் எழுத்துகளைக் கலைத்தடுக்கி எட்கர் கத்வெல்லிஸ் என்றொரு பெயர் அமைத்தார். அவ்விரு பெயர்களையே இலத்தீனாக்கி, முன்பின் மாற்றி, மீண்டும் ஆங்கில வடிவுக்குக் கொணர்ந்து லூயி கரோல் என்று மற்றொன்றும் அமைத்தார். இதழாசிரியர் எட்மண்ட் யேட்ஸ் பின்னதையே தேர்ந்தார். நாம் பிழைத்தோம், கத்வெல்லிஸ் எழுதிய ஆலிஸ் கதையை யார் தேடிப் படித்திருப்பார்?

1868இல் ஓரிரவு விழித்துக் கிடந்தவர், அரசியல் தலைவர் கிளாட்ஸ்டனின் முழுப்பெயரில் அமைந்த 21 ஆங்கில எழுத்துகளையும் மனத்துள்ளேயே கலைத்து, உருவங்களையெல்லாம் தகர்ப்பாயோ என வினவும் தொடராக்கினார். தாளில்லை, விளக்கில்லை. இத்தகைய புதிரில் முதலில் ஒரு சொல்லை விதையாகப் பிடிக்க வேண்டும். எஞ்சிய எழுத்துகள் பொருந்தாவிடின் இரக்கமின்றி அதனைக் கைவிட வேண்டும். கவிஞர்க்கு இவ்வேதனை புதிதன்று. ஆங்கிலத்தில் உயிரெழுத்து தனித்து நிற்பதால் விரும்பிய இடத்திற்கு நகரும். நம் எழுத்திலோ உயிர் மெய்யோடு பிணைந்து கிடக்கிறது; ஆதலின் தமிழில் இவ்விளையாட்டு மேலும் கடினம்.

1877ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பொழுதுபோகாதிருந்த இரு சிறுமியர்க்காக இன்னொரு புதிர் புனைந்தார். ஒரு சொல்லை ஒவ்வோர் அடியிலும் ஓரெழுத்து மட்டும் மாற்றி வேறொரு சொல்லாக்க வேண்டும். இடைப்படுவன யாவும் பொருளுள்ள சொற்களாக இருத்தல் வேண்டும். கடலை மரமாக்கச் சொன்னால் நாம் கடல், மடல், மடம், மரம் என ஏறலாம். தேர்ந்தவர் ஒரு முனையிலிருந்து மட்டும் ஏறமாட்டார். இரு முனையினின்றும் நடந்து இடையே சந்திப்பார். 1879இல் வேனிட்டி ஃபேர் இதழ் இதனைப் போட்டியாக வெளியிட்டது. நாளேடுகளின் சொற்புதிர்ப் பகுதிகளில் இன்றும் இதன் வாரிசுகளைக் காணலாம்.

இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. 1893இல், படுக்கையிலேயே மனத்தால் தீர்த்த 72 கணக்குகளை நூலாக்கினார். விழிப்பு வேளையில் ஐயங்களும் தீய நினைவுகளும் மனத்தைப் பற்றாமலிருக்க இத்தகைய பணியே துணை என்று முன்னுரையில் தெரிவித்தார். தலைப்பிலிருந்த உறக்கமற்ற இரவுகள் என்பது கண்டு நண்பர்கள் கவலையுற, அடுத்த பதிப்பில் அதனை விழித்திருக்கும் வேளைகள் என மாற்றினார்.

1865இல் வெளியான ஆலிஸ் கதையில், அண்டங்காக்கை எவ்வாறு எழுதுமேசையை ஒக்கும் என்றொரு விடுகதை வரும். அதற்கு விடையே கருதியிருக்கவில்லை. வாசகர் விடாது கேட்கவே, 1896இல் எழுதிய முன்னுரையில் ஒரு விடை தந்தார். அதில், ஒருபோதும் இல்லை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் நான்காம் எழுத்தை வேண்டுமென்றே மாற்றியிருந்தார். பின்னிருந்து படித்தால் அது அண்டங்காக்கையின் ஆங்கிலப் பெயராகும். பின்வந்த அச்சுகளில் அது பிழையெனக் கருதப்பட்டுத் திருத்தப்பட்டது. விடையின் சுவையும் அதனோடு போயிற்று. 1898 ஜனவரி 14ஆம் நாள் கில்ட்ஃபோர்டில் கரோல் மறைந்தார். 1976இல்தான் டெனிஸ் கிரட்ச் என்னும் அன்பர் பழைய அச்சில் அவ்வோர் எழுத்தைக் கண்டெடுத்தார்.